ஆதவன் வீட்டுக்குள் வந்த விதம்

அக்டோபர் 15, புதன்

கடையில் புருவம் எடுக்கும் சுமதி அக்காவின் போன் திரையில் கத்தரிப்பூ நிறம். பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார். தரையைக் கூட்டிக்கொண்டே பார்த்தேன். அந்த நிறம் எனக்குத் தெரியும். மூலையில் ஒரு செம்பனை மரம், அதற்கு மேலே நிலா, சற்றுக் கோணலாக. கோணலாக வைத்தது நான்தான். கதைக்கு அட்டைப்படம் செய்யும் ஆப்பில் அதை நேராக்கத் தெரியவில்லை.

என் கதை, வாராவாரம் வேறு பெயரில் ஓர் ஆப்பில் போடுவது. சுமதி அக்கா என் கதையைப் படிக்கிறார்.

துடைப்பம் கையிலிருந்து விழுந்தது.

"என்னாடி தர்ஷு, காலையில சாப்பிடலயா?"

தலையாட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது.

காலையில் மழை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் தாமதம். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தபோது செருப்பெல்லாம் சேறு. மாலா அக்கா (நான் வேலை செய்யும் அழகு நிலையத்தின் முதலாளி) கடிகாரத்தை மட்டும் காட்டினார். தீபாவளி வாரம், திட்டுவதற்கு அவருக்கு நேரம் இல்லை.

இன்னொன்று. ஒவ்வொரு பாகத்துக்கும் கீழே 'கிள்ளான் குயின்' என்று ஒருவர் நீளமாகக் கருத்து எழுதுவார். இன்று அக்கா தட்டச்சு செய்வதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குயின் அவர்தான். நான் யாருக்கும் பதில் எழுதியதில்லை. எல்லோருக்கும் ஒரு இதயம் போடுவேன், அவ்வளவுதான். இவ்வளவு நாளாக இதயம் போட்டது பக்கத்து நாற்காலிக்கு.

சொல்லப்போவதில்லை. சொன்னால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பார்.

அக்டோபர் 16, வியாழன்

வெயில். கூட்டம். புருவத்துக்கு வரிசை, மருதாணிக்கு வரிசை. என் வேலை: நூல் வெட்டித் தருவது, துண்டு, தரை, எல்லோருக்கும் மைலோ கலக்கித் தருவது.

பத்மா ஆன்டி வந்தார். கடைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் குடியிருப்பவர். புருவம் வளர்கிறதோ இல்லையோ, பேச வந்துவிடுவார். சுமதி அக்கா நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே பேசினார்.

"ஆன்டி, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. மூணாவது பாகத்துல என்னா சொன்னா? அந்த வீட்டு அம்மா கூப்பிட்டாத்தான் ஆதவன் உள்ள வரமுடியும். கூப்பிடாம வாசப்படியத் தாண்டுனா எரிஞ்சு போயிடுவான். சொன்னாளா இல்லியா?"

"யாரு சொன்னா?"

"எழுதுறவ லா. போன வெள்ளிக்கெழம பாத்தா அவன் பாட்டுக்குப் பின்பக்கமா வந்து சமையக்கட்டுல நிக்கிறான். எவன் கூப்பிட்டான்?"

"பேய்க்கு என்னா வாசப்படி."

"பேய் இல்ல ஆன்டி. வேம்பையர்."

"ரத்தம் குடிக்கிறான்ல?"

"மனுச ரத்தம் தொடமாட்டான். பாசார்ல ஆட்டு ரத்தம் வாங்கிக் குடிப்பான். நல்லவன்."

"அத நாங்களும்தான் வெங்காயம் போட்டுப் பெரட்டிச் சாப்புடுறோம். அப்ப நானும் வேம்பையரா?"

கடையே சிரித்தது. மருதாணி போட்டுக்கொண்டிருந்த பெண் கையை ஆட்டிவிட்டாள், மயில் கழுத்து நீண்டுபோனது.

"சிரிக்காதீங்க ஆன்டி, புருவம் போயிடும். சிரிப்பில்ல இது. இவ்ளோ நாளு கேட்டுக்கு வெளிய கொசுக்கடியில நின்னவன். அவனுக்குன்னு ஒரு மரியாத இருந்துச்சு. அத இவளே கெடுத்துட்டா. இதச் சரி பண்ணலன்னா நான் படிக்கமாட்டேன், முடிஞ்சது."

நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

அவர் சொன்னது உண்மை. நானே வைத்த விதி. அந்தப் பாகத்தை ரயிலில் நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். ஆதவன் உள்ளே வந்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். கதாநாயகி யாழினியைவிட எனக்குத்தான் ஆசை. அந்த அவசரத்தில் விதியை மறந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று புதிய பாகம் போடவேண்டிய நாள். போடவில்லை. முதல்முறை.

மதியம் வசந்தி மேடத்திடமிருந்து செய்தி. இங்கேயே பிரிக்பீல்ட்ஸில் சிறிய பதிப்பகம் வைத்திருப்பவர். போன மாதம் ஆப்பில் எழுதினார்: 'இருள்மொழி அவர்களே, செம்பனைக் காட்டு ஆதவனைப் புத்தகமாகப் போட விரும்புகிறோம்.' (இருள்மொழி என்பது நான். பெயர் வைக்கும்போது எனக்குப் பதினைந்து வயது, அப்போது அது மிக அழகாக இருந்தது. இப்போதும்தான்.) இன்று எழுதியது: 'கடைசிப் பாகத்தில் அவன் சமையலறைக்குள் எப்படி வந்தான் என்று புரியவில்லை. இது சரியானால்தான் முடிவு நிற்கும். முடிவைப் பார்த்துவிட்டே புத்தகம் பற்றிச் சொல்லமுடியும். இம்மாதத்துக்குள் அனுப்புங்கள்.'

மேடமும் அதே கேள்வி. சுமதி அக்கா நூலைக் கடித்துக்கொண்டு கேட்டதை இவர் மரியாதையாகக் கேட்கிறார்.

ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். சமையலறைப் பாகத்தை எடுத்துவிடலாம். அது சுலபம். ஆனால் ஆதவன் உள்ளே வந்தே ஆகவேண்டும். யாழினியின் மந்திரம் நூலில் இருக்கிறது, அவள் போடும் முடிச்சை யாராலும் அவிழ்க்கமுடியாது. நிழல் இல்லாத ஆதவனுக்கு அவள் ஒரு நிழல் கட்டித் தரவேண்டும், அதை அவள் வீட்டு விளக்கு வெளிச்சத்தில்தான் கட்டமுடியும். நிழல் வந்தால் வெயிலில் நடக்கலாம். வராவிட்டால் கதை நடக்கும் கேரி தீவின் பாலத்தைத் தாண்டி அவன் போய்விடவேண்டியதுதான். யாழினியின் அம்மாவுக்கு அவன் யார் என்று தெரியும். கழுத்தில் கத்தி வைத்தாலும் வா என்று சொல்லமாட்டார்.

வழிகள்:
– அம்மாவை ஏமாற்றி வா என்று சொல்லவைப்பது. அசிங்கம். ஆதவன் அப்படிச் செய்யமாட்டான்.
– அம்மா சாவது. முடியாது. எனக்கு அவரைப் பிடிக்கும்.
– மந்திரத்தால் வாசற்படியையே இல்லாமல் செய்வது. அப்படியானால் முதல் பாகத்திலேயே செய்திருக்கலாமே என்று குயின் கேட்பார்.
– அம்மா மனம் மாறுவது. ஏன் மாறவேண்டும்? தெரியவில்லை.

கிள்ளான் வந்துவிட்டது. இறங்க மறக்கப்பார்த்தேன்.

அக்டோபர் 18, சனி

கால் வலி. சாப்பிட நேரம் இல்லை, நின்றுகொண்டே ஒரு ரொட்டி. சுமதி அக்கா நேற்று புதிய பாகம் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

"பயந்துட்டா. நான் எழுதுன கமெண்ட பாத்து ஓடிட்டா."

"யாரா இருக்கும் அது?" மாலா அக்கா.

"ரிட்டயர் டீச்சரா இருக்கும். நல்ல தமிழ். வயசானவங்களுக்குத்தான் இப்படி லவ்வு எழுத வரும்."

நான் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவள். அம்மாவுக்கு முதுகு ஆபரேஷன் நடந்த வருடம் வீட்டில் இருந்தேன், பிறகு திரும்பிப் போகவில்லை. ரிட்டயர் டீச்சர் என்றதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

கடை அடைக்கும்போது மாலா அக்கா: "திங்கக்கெழம தீவாளிக்கு எங்க வீட்டுல ஓப்பன் ஹவுஸ், யாரு வேணும்னாலும் வந்து சாப்பிடலாம். எல்லாரும் வரணும். தர்ஷு, நீ போன வருசம் மாதிரி கேட்டுகிட்ட நின்னுட்டுப் போயிடாத."

தெரிந்திருக்கிறது. போன வருடம் கேட் வரைக்கும் போனேன். உள்ளே நிறையக் குரல். திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலை எண்ணெய்க் குளியல், இட்லி, ஆட்டுக்கறி. அம்மாவுக்குக் கையுறைக் கம்பெனியில் இரண்டு நாள் லீவு, சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். கம்பெனி இருக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் களைப்பு. நான் பச்சைச் சுடிதார் போட்டுக்கொண்டு மாலா அக்கா வீட்டுக்கு நடந்தேன். எங்கள் அடுக்குமாடியிலிருந்து இரண்டு தெரு.

கேட் முழுக்கத் திறந்திருந்தது. வெளியே கூடாரம், நீலத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செருப்பு மலை. நான் கேட் அருகில் நின்றேன்.  என்னை யாரும் பார்க்கவில்லை, அது நல்லது, ஆனால் பார்க்காவிட்டால் எப்படி உள்ளே போவது.

அப்போது என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். பூப்போட்ட பாத்தேக் சட்டை, நரைத்த மீசை, கையில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். செருப்பைக் கழற்றினார். நேராக உள்ளே போனார். நான் அவர் பின்னாலேயே போய்விட்டேன். அவர் மறைவில் நான் இருப்பது யாருக்கும் தெரியாது.

மாலா அக்காவின் கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க வாங்க, சாப்பிடுங்க." தட்டில் சோறு, கோழி, பாயசம். அவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். முறுக்கு எடுத்துக்கொண்டார். போகும்போது மாலா அக்கா, வீட்டுக்கு எடுத்துப்போக, ஒரு பை நிறையப் பலகாரம் தாபாவ் கட்டிக் கொடுத்தார். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாலா அக்கா திரும்பி: "யாருங்க அவரு, ஒங்க ஆபீஸா?"

"இல்லியே. ஒன் கஸ்டமர் வீட்டுக்காரர்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது லா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாலா அக்கா சொன்னார்: "பாயசம் நல்லாருக்குன்னாரு. போவட்டும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் வந்தது, எழுந்து இடம் கொடுத்தார்கள்.

நான் கையில் பாயசக் கப்புடன் நின்றுகொண்டிருந்தேன். தலைக்குள் ஏதோ திறந்தது.

யாழினியின் அம்மாவும் ஓப்பன் ஹவுஸ் வைப்பார். வைக்காமல் இருப்பாரா? செம்பனைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமையல் கை. பிடிவாதக்காரி. தன் வீட்டில் தீபாவளியன்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்பதுதான் அவருக்குப் பெருமை. ஆதவனை அவர் கூப்பிடமாட்டார். ஆனால் ஊரையே கூப்பிடுவார். கேட்டில் அவரே அட்டையில் எழுதி ஒட்டுவார்: யாராக இருந்தாலும் வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்.

வெயிலுக்கு என்ன செய்வது? பொழுது சாய்ந்த பிறகுதான் வருவான். ஓப்பன் ஹவுஸ் ராத்திரி வரை நடக்கும். எல்லாம் பொருந்துகிறது.

மாலா அக்கா வீட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு போனில் எழுதினேன். யாரோ தட்டினார்கள். "இருக்கேன்" என்றேன். மறுபடி தட்டினார்கள். "வயிறு சரியில்ல" என்றேன். பொய். அடுத்த வரியைத் தட்டினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

கடை விடுமுறை. காலையிலிருந்து ஒரே மூச்சு. அம்மா, "போனுலயே கெடக்குற" என்றார், இரண்டு முறை.

எழுதியது சுருக்கமாக:

ஆதவன் கேட்டில் நின்று அட்டையைப் படிக்கிறான். திரும்பத் திரும்பப் படிக்கிறான். பிறகு செருப்பைக் கழற்றுகிறான் (இத்தனை பாகத்தில் அவன் செருப்பைக் கழற்றியதே இல்லை). ஒரு கால் வைக்கிறான். எரியவில்லை. இன்னொரு கால்.

யாழினியின் அம்மா பார்த்துவிடுகிறார். கூடம் நிறைய ஆட்கள். அவர் நெற்றி நரம்பு துடிக்கிறது. கையில் கரண்டி. இதுதான் எழுத மிகவும் பிடித்த இடம். அவர் அவனைத் திட்டவில்லை. தட்டை எடுக்கிறார். சோறு போடுகிறார். "ஒக்காரு" என்கிறார். எழுதும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர். அவர் மனம் மாறவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் விருந்தாளி.

விளக்கு வெளிச்சத்தில் யாழினி தரையில் உட்கார்ந்து அவன் காலடியில் நூலைக் கட்டுகிறாள். கூடத்தில் எல்லோரும் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா மட்டும் பார்க்கிறார், தரையில் மெல்லியதாக ஒரு கருமை.

சமையலறைப் பாகத்தை எடுத்துவிட்டேன். கீழே ஒரு வரி: 'தவறு என்னுடையது. சரி செய்துவிட்டேன்.' போட்டேன். கடைசிப் பாகம். முற்றும்.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு பாடினேன்.

அக்டோபர் 22, புதன்

மழை இல்லை. கடையில் ஆள் குறைவு. சுமதி அக்கா கதவைத் திறந்ததுமே: "வந்துருச்சு. யாரும் பேசாதீங்க." சத்தமாகவே படித்தார். மாலா அக்கா கல்லாவில் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். நான் பவுடர் பஃப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன், குழாயை மெல்லியதாக வைத்துக்கொண்டு.

என் வாக்கியங்கள் அவர் வாயில் வேறு மாதிரி இருந்தன. சில இடத்தில் நான் நினைத்ததைவிட நன்றாக. அட்டை வந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

"அடிப்பாவி."

"என்னா?" மாலா அக்கா.

"அந்தம்மாவே கையால எழுதிக் கேட்டுல ஒட்டிருச்சு. இப்ப எப்படிப் போடான்னு சொல்லும்?"

"சொல்லமுடியாதே. தீவாளி அன்னிக்கு எப்படிச் சொல்றது. நம்ம வீட்டுலயே யாரோ ஒருத்தர் வந்து சாப்பிட்டுப் போனாரு, யாருன்னே தெரியல."

சுமதி அக்கா அந்த வரியை மறுபடி படித்தார். "ரூல உடைக்காம உள்ள கொண்டாந்துட்டா. நம்ம ஊர்க்காரியாத்தான் இருக்கணும்." பிறகு நிழல் வரும் இடத்தைப் படித்தார். டிஷ்யூ எடுத்து மூக்கைத் துடைத்தார். அவர் அழுததை இதுவரை பார்த்ததில்லை. புருவம் எடுக்கும்போது மற்றவர்களை அழவைப்பவர்.

நான் பஃப்புகளைப் பிழிந்தேன். சோப்பு நுரை முழங்கை வரைக்கும். சிரிப்பை அடக்கியதில் தாடை வலித்தது. எதிரே கண்ணாடியில் ஒரு பெண் இருந்தாள், அவளைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

வசந்தி மேடம்: 'புத்தகம் போடுகிறோம். கேட்டில் ஒட்டிய அந்த அட்டை வேறு யாருக்கும் தோன்றாது. ஒப்பந்தத்துக்கு நேரில் வாருங்கள்.' நான் எழுதினேன்: 'எனக்குப் பதினேழு வயது.' துண்டுகளை எல்லாம் மடித்து முடித்தேன். பிறகு: 'அம்மாவை அழைத்துவாருங்கள்.'

ஆகவே அம்மாவிடம் சொல்லவேண்டியதாயிற்று. பருப்பு தாளிக்கும்போது சொன்னேன், சத்தத்தில் பாதி கேட்காமல் போகட்டும் என்று. எல்லாம் கேட்டுவிட்டது.

"ரத்தம் குடிக்கிறவன் கதையா?"

"லவ் கதையும்தான்மா."

"சாமி ரூம்ல ஒக்காந்தா எழுதுன?"

"இல்ல. ரயில்ல."

அடுப்பை அணைத்தார். போனை வாங்கிக் கடைசிப் பாகத்தைப் படித்தார், எழுத்தைப் பெரிதாக்கி, உதடு அசைய. நான் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். கிள்ளவேண்டிய மிளகாய் தீர்ந்துவிட்டது.

"இந்தப் பையன் சாப்பிட்டானா இல்லியா? சோறு போட்டாங்கன்னு இருக்கு, சாப்பிட்டான்னு இல்லியே."

"அவன் சோறு சாப்பிட மாட்டான்மா."

"அப்ப சும்மாவா அனுப்புவாங்க? ஏதாச்சும் கட்டிக் குடுக்கச் சொல்லு."

சாப்பாட்டுக்கு முன்பே சேர்த்துவிட்டேன். ஆதவன் கையில் பலகாரப் பை, சாப்பிடமுடியாத முறுக்கு. மேடத்துக்கு அனுப்பினேன். அம்மா மேற்பார்வை பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே நின்றார். மேடத்தைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை காலை லீவு கேட்பதாகச் சொன்னார்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலை, பதிப்பகம். மாடியில் ஒரே அறை, எல்லாப் பக்கமும் புத்தகக் கட்டு. மேடம் எழுந்து அம்மாவிடம் கை நீட்டினார். "இருள்மொழிக்கு நீங்கதான் எழுதக் கத்துக்குடுத்தீங்களா?" அம்மா சிரித்துவிட்டார். "நானா? நான் கையுறை செக் பண்றவ. இந்தா, எல்லாம் இவதான்." மேடம் என்னைப் பார்த்தார். நான் காலைப் பார்த்தேன். பிறகு அவரையும் பார்த்தேன். கையெழுத்து, அம்மாவுடையது, கீழே என்னுடையது. புத்தக அட்டையில் என்ன பெயர் என்றார். என் சொந்தப் பெயர் என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, ஒரே தடவையில் கேட்டது அவருக்கு.

அம்மா பஸ் ஏறிவிட்டார். மதியம் நான் கடைக்கு.

பத்மா ஆன்டி நாற்காலியில், கழுத்தில் துண்டு. மகள் நிச்சயதார்த்தம், அதனால் மறுபடி புருவம். சுமதி அக்கா நூலும் போனுமாக நின்றார்.

"புத்தகமா வருதாம் ஆன்டி. அந்தப் பதிப்பகம் பேஜ்ல போட்டுருக்கான்."

"யாராம் எழுதுனது?"

"இன்னும் போடல. கேரி தீவுல ஒரு டீச்சர்னு நெனக்கிறேன்."

"லாயராக்கூட இருக்கலாம்" என்றார் மாலா அக்கா. "ரூல் பேசுறா பாரு."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"நான்தான்கா எழுதுனேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.  கடை சிரிப்பில் வெடித்தது.

"ஆமா லா" சுமதி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் பிரதமரு. மாலாக்காதான் மன்னரு. போடி, போய் மைலோ போடு."

"பாவம் புள்ள, இன்னிக்காச்சும் ஜோக் அடிக்குது" என்றார் பத்மா ஆன்டி.

சுமதி அக்கா சிரித்துக்கொண்டே போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்தார், நூலைப் பல்லில் கடித்தார், குனிந்தார். அவருடைய கடைசிக் கருத்து இன்னும் பதில் இல்லாமல் இருந்தது: 'எழுதியவரே, ஒரே ஒரு தடவையாவது என்னிடம் பேசுங்கள்.'

நான் மைலோ போடவில்லை. என் போனை எடுத்தேன். இருள்மொழியின் கணக்கைத் திறந்தேன். பத்மா ஆன்டியின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, அந்தக் கருத்துக்குக் கீழே எழுதினேன்: 'சுமதி அக்கா, ஆன்டிக்கு இடது புருவம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. ஒரு இழுப்பு போடுங்கள்.'

அனுப்பினேன்.